ஒத்தப்பனைப் பாரின் கடற்பஞ்சு

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கட்டுகிற சேலையைத் தவிர, அமலோற்பவத்திடம் ஓட்டையில்லாத சேலை கிடையாது. எல்லாம் நைட்ரிக் அமிலம் தெறித்த ஓட்டைகள். சிலது மிளகு அளவு, சிலது கடுகு அளவு. முந்தானையிலும் கொசுவத்திலும் சிதறிக் கிடக்கும். துவைத்த சேலையைக் கொடியில் போடும்போது அவள் அம்மா விக்டோரியா வெயிலுக்கு எதிரே அதை விரித்துப் பார்ப்பாள்.

"ஏளா, நீ காலேசில பாடம் நடத்துதியா, இல்ல பட்டாசு போடுதியா?"

பாடம் நடத்துவதுதான் வேலை. தூத்துக்குடியில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் அவள் டெமான்ஸ்ட்ரேட்டர். பிள்ளைகளுக்குக் கரப்பான்பூச்சியையும் தவளையையும் அறுத்துக் காட்டுவாள். பிள்ளைகள் போன பிறகு, ஆய்வுக்கூடத்தின் மூலையில் தனக்கென்று ஒதுக்கிக்கொண்ட மேசையில் கடற்பஞ்சுகளை அமிலத்தில் போட்டுக் காய்ச்சுவாள். கடற்பஞ்சு என்பது பார்க்கச் செடி மாதிரி இருந்தாலும் விலங்குதான். கையும் காலும் கண்ணும் கிடையாது. பாறையில் ஒட்டிக்கொண்டு, தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே விட்டு, அதில் கிடைப்பதைத் தின்று வாழும். நிறத்தையும் வடிவத்தையும் வைத்து ஒரு பஞ்சை இன்னதென்று சொல்லிவிட முடியாது. ஒரே இனம் ஓரிடத்தில் விரல் மாதிரி வளரும், இன்னோரிடத்தில் அப்பம் மாதிரிப் படரும். அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி முட்கள் இருக்கும். அமிலத்தில் சதை கரைந்துபோக, முட்கள் மட்டும் அடியில் தங்கும். அந்த முட்களின் வடிவம்தான் ஒரு பஞ்சின் அடையாளம்.

எம்.எஸ்சி. படிக்கும்போது ஆளுக்கொரு உயிரினம் எடுக்கச் சொன்னார்கள். நண்டையும் இறாலையும் மற்றவர்கள் முந்திக்கொண்டார்கள். மிஞ்சியது பஞ்சு. அப்படி வந்து சேர்ந்ததுதான். ஆனால் முட்களை முதல் தடவை நுண்ணோக்கியில் பார்த்த அன்று அவள் மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டாள். அதற்குப் பிறகு வேறெதையும் எடுக்கத் தோன்றவில்லை. முப்பது வயது தாண்டிவிட்டது. வந்த சம்பந்தங்கள் ஒன்றிரண்டு தட்டிப்போயின. மற்றவற்றை அவளே தட்டிவிட்டாள். அப்பா தோணியை ஓட்டுகிற தண்டலாகக் கொழும்புக்குப் போய்வந்தவர், இறந்து வருஷங்களாகின்றன. வீட்டில் அம்மாவும் அவளும் மட்டும்.

பஞ்சுகளை அவளுக்குக் கொண்டுவந்து தருகிறவர் பாஸ்கல். பக்கத்துத் தெருக்காரர், சங்கு குளிக்கிறவர். சங்குப் பருவத்தில் விடியுமுன்னே வள்ளம் போகும், மதியத்துக்கு மேல் திரும்பும். சங்கோடு சேர்ந்து கல்லும் பாசியும் பஞ்சும் வரும். மற்றவர்கள் அதைக் கடற்கரையிலேயே வீசிவிடுவார்கள். பாஸ்கல் ஓலைப்பெட்டியில் போட்டு, கல்லூரி வாசலில் வைத்துவிட்டுப் போவார்.

1973-ஆம் வருஷத் தொடக்கத்தில் அப்படி ஒரு பெட்டியில்தான் அந்த மஞ்சள் பஞ்சு வந்தது. மாதுளம்பழ அளவு. மேலே சின்னச் சின்னப் புகைபோக்கி மாதிரித் துளைகள். அடியில் ஒரு கல் துண்டைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டிருந்தது. கல்லோடு சேர்த்து ஜாடியில் இட்டு, ஸ்பிரிட் ஊற்றி வைத்தாள். மறுநாள் பார்க்கும்போது ஸ்பிரிட் ஊதா நிறத்துக்கு மாறியிருந்தது. பஞ்சுகள் ஸ்பிரிட்டில் சாயம் விடுவது புதிதல்ல என்பதால் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முட்களில்தான் அவள் கண் நின்றது. பெரிய முட்கள் எல்லாம் வழக்கமானவை, கோணிஊசி மாதிரி. அவற்றுக்கு நடுவே மிகச் சிறிய முட்கள் சில இருந்தன. வளைத்த வில் மாதிரி வடிவம், இரண்டு முனைகளும் இரண்டாகப் பிளந்திருந்தன. வில் முள் உள்ள பஞ்சுகள் உண்டு. முனை பிளந்த வில்லை அவள் பார்த்ததில்லை. கல்லூரி நூலகத்தில் இருந்த பழைய அறிக்கைகளைப் புரட்டினாள். முத்துக்குளிப்புக் காலத்து வெள்ளைக்காரர்கள் எழுதிய தடித்த புத்தகங்கள் அவை. எதிலும் அப்படி ஒரு படமே இல்லை.

துறைத்தலைவர் தாணுலிங்கம் சாரிடம் காட்டினாள். அவர் ஆத்தூர்க்காரர். மீன்களைப் பற்றி எழுதியவர் என்றாலும், எந்த உயிரினத்தைக் காட்டினாலும் பொறுமையாகப் பார்ப்பார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நுண்ணோக்கியில் குனிந்தார்.

"இது இதோட சொந்த முள்ளுதானா?"

"என்ன சார்?"

"செத்த பஞ்சோட முள்ளெல்லாம் மணல்ல கிடக்கும்லா. உசுரோட இருக்க பஞ்சு அத எடுத்து உள்ள வச்சுக்கிடும். அடுத்தவன் வீட்டுக் கதவ எடுத்துத் தன் வீட்டுல மாட்டுத மாதிரி. அப்படி வந்ததா இருந்தா?"

அது நியாயமான கேள்வி. அவள் பஞ்சை மெல்லிய சீவல்களாக அறுத்து, முட்கள் சதைக்குள் எப்படி நிற்கின்றன என்று பார்த்தாள். அடிப்பக்கத்துச் சீவல்களில் வில்கள் நிறைய இருந்தன. மேல்பக்கத்தில் அனேகமாக இல்லை. அடிப்பக்கத்துச் சீவலை சாரிடம் மறுபடி காட்டினாள். சார் வெகுநேரம் பார்த்தார்.

"இவ்வளவு இருக்குன்னா வெளியிலருந்து வந்ததா இருக்காது. எழுதும்மா. புதுசுதான்."

அவள் எழுதினாள். ஒரு புது இனத்தை எழுதுவதென்றால் பெரிய வார்த்தைகளுக்கு அதில் வேலை இல்லை. நீளம், அகலம், நிறம், தொட்டால் எப்படி, கிழித்தால் எப்படி, எந்த ஆழத்தில் கிடைத்தது, எதன்மேல் ஒட்டியிருந்தது. பிறகு முட்கள். ஒவ்வொரு வகையிலும் பலவற்றை அளக்க வேண்டும், வரைய வேண்டும். நுண்ணோக்கியின் கண்ணருகே ஒரு கண்ணாடிக் கட்டியைப் பொருத்தினால் முள்ளும் தாளும் பென்சில் முனையும் ஒன்றாகத் தெரியும். அதன்மேல் கோடு இழுத்துக்கொண்டே போக வேண்டியதுதான். கழுத்து இறுகிவிடும். பென்சிலைக் கீழே வைத்த பிறகும் கொஞ்ச நேரத்துக்கு எதைப் பார்த்தாலும் வில் வில்லாகத் தெரியும். "வில்கள் அடிப்பகுதியில் மிகுதி, மேலே அரிது" என்று எழுதினாள். அது அந்த இனத்தின் குணம் என்றே நினைத்தாள்.

தாணுலிங்கம் சார் அடுத்த வருஷம் ஓய்வு பெறுவதாக இருந்தது. இனத்துக்கு அவர் பெயரை வைப்பதென்று அவள் தீர்மானித்தாள். அவர் வேண்டாம் என்றார். வேண்டாம் என்று சொன்ன விதத்திலேயே அவருக்கு அது பிடித்திருந்தது தெரிந்தது. கட்டுரையை ஒரு ஆய்விதழுக்கு அனுப்பினாள். அச்சாவதற்கு முன்பே, 1974-இல் நடந்த பிரிவுபசார விழாவில் கல்லூரி முதல்வர் மேடையில் அதைச் சொல்லிவிட்டார். மாலையும் பொன்னாடையுமாக உட்கார்ந்திருந்த சார் தலையைக் குனிந்துகொண்டார். மறுநாள் பேப்பரில் வந்துவிட்டது. புதிய கடல் உயிரினத்துக்குத் தூத்துக்குடிப் பேராசிரியர் பெயர் என்று படத்தோடு போட்டிருந்தார்கள். ஆத்தூர்ப் பஸ்ஸில் கண்டக்டர் அவரிடம் அதைப் பற்றி விசாரித்தாராம். சாரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

ஆய்விதழின் ஆசிரியரிடமிருந்து பதில் வந்தது. வேலை நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரே ஒரு மாதிரியை வைத்து இதை ஏற்க முடியாது, இன்னும் சிலவற்றைப் பார்த்து எழுதவும் என்று.

அப்போது கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. கடல் கலங்கி, வள்ளங்கள் கரையேறிக் கிடந்தன. பாஸ்கல் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணே, அந்த மஞ்சப் பஞ்சு எங்கன கிடைச்சுது? ஞாபகம் இருக்கா?"

"ஒத்தப்பனைப் பாருல. ஞாபகம் இல்லாம என்ன, கையெல்லாம் அரிச்சுச்சே." கடலுக்கடியில் கல்லும் திட்டுமாகக் கிடக்கிற இடத்தைப் பார் என்பார்கள். கரையில் நிற்கும் ஒற்றைப் பனையைக் கண்ணால் குறிவைத்துப் போகிற இடம் என்பதால் அதற்கு அந்தப் பெயர். "எத்தன வேணும்?"

"எத்தன கிடைக்குதோ அத்தன."

"பருவம் வரட்டும். பெட்டி பெட்டியா தாரேன்."

சொன்னபடியே செய்தார். சங்குப் பருவம் தொடங்கியதும் மஞ்சள் பஞ்சுகள் வரத் தொடங்கின. சிறியதும் பெரியதுமாக, துளை உள்ளதும் இல்லாததுமாக. அமலோற்பவம் ஒவ்வொன்றாக அமிலத்தில் இட்டாள். முதல் பஞ்சில் வில் இல்லை. சரி, இரண்டாவதைப் பார்ப்போம் என்று நினைத்தாள். அதிலும் இல்லை. ஒரு வாரத்துக்குப் பிறகு, இல்லை என்பதைக் குறித்துக்கொள்வதுகூட நின்றுபோயிற்று. கோணிஊசிகள் மட்டும் கிடந்தன, அவளுக்கு மனப்பாடமான அளவில். அந்தக் கோணிஊசிகளையும் துளைகளையும் மஞ்சள் நிறத்தையும் வைத்துப் பழைய அறிக்கையைத் திறந்தால், எழுபது வருஷத்துக்கு முன்பே பெயரிட்ட ஒரு பஞ்சோடு அச்சாகப் பொருந்தியது. அது புது இனமே அல்ல. கடற்கரையில் வீசிக் கிடப்பது.

சாரிடம் சொல்லியாக வேண்டும். ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி ஆத்தூர் போனாள். வீட்டில் இல்லை, கொடிக்காலில் இருக்கிறார் என்றார்கள். அகத்தி மரங்களில் வெற்றிலைக்கொடி ஏறிய நிழலுக்குள் அவர் நார்க்கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். சட்டை போடவில்லை. அவளைக் கண்டதும் துண்டை எடுத்துத் தோளில் போர்த்திக்கொண்டார்.

"வாம்மா. அச்சாயிட்டா?"

"இல்ல சார்." நின்றபடியே சொல்லிவிட்டாள். "பாஸ்கல் அண்ணன் கொண்டுவந்தது எல்லாத்தையும் பாத்துட்டேன். ஒண்ணுலகூட வில் இல்ல. நீங்க முதல்ல சொன்னதுதான் சரி. அது இதோட முள்ளு இல்ல. இது பழைய இனம்தான் சார்."

சார் கீழே தண்ணீர் ஓடுகிற வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடிட்டருக்கு எழுதிட்டியா?"

"இன்னும் இல்ல. உங்கள்ட்ட சொல்லிட்டு எழுதலாம்னு வந்தேன்."

"வேற பஞ்சே கிடைக்கலன்னு எழுதுனா போடுவானா?"

"போட்டாலும் போடுவாங்க சார்."

கொஞ்ச தூரத்தில் ஆட்கள் வெற்றிலை கிள்ளுகிற சத்தம் கேட்டது. சார் துண்டின் ஓரத்தை விரலில் சுற்றி அவிழ்த்தார். மறுபடி சுற்றினார்.

"பேப்பர்லேல்லாம் வந்துட்டே," என்றார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியாத மாதிரி இருந்தது. பிறகு, "எழுதிரு. வாபஸ்னு எழுதிரு," என்றார்.

அவள் தலையசைத்தாள். சார் அவளை உட்காரச் சொல்லவில்லை. வழக்கமாக வாசல்வரை வந்து வழியனுப்புகிறவர் அன்று கட்டிலை விட்டு எழவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஏரல் பக்கமிருந்து வாழைத்தார் ஏற்றி வந்தவர்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டே வந்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. தலை மட்டும் வலித்தது. திங்கட்கிழமை கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதித் தபாலில் போட்டாள்.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் அவள் அமிலப் புட்டியைத் திறக்கவில்லை. சேலைகள் முழுதாக இருந்தன. அம்மா அதைக் கவனித்துவிட்டு ஒன்றும் கேட்காமல் குசினிக்குள் போனாள்.

கல்வியாண்டு முடியும் சமயத்தில் ஜாடிகளை ஒழுங்குபடுத்தும் வேலை வந்தது. முதல் மஞ்சள் பஞ்சை இனித் தனியாகப் பூட்டி வைக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் பார்க்கிற அலமாரிக்கே மாற்றிவிடலாம். அங்கே வைக்கிற ஜாடியின் வாய் சின்னது, கல்லோடு நுழையவில்லை. பஞ்சைக் கல்லிலிருந்து பிரிக்கக் கத்தியைக் கொடுத்தாள். ரப்பர் மாதிரி இழுத்து, பட்டென்று விட்டது.

கல்லில் பஞ்சு இருந்த இடத்தில் கருஊதாவாக ஒரு கறை. நாவற்பழம் தின்ற நாக்கு மாதிரி இருந்தது. ஸ்பிரிட் சாயம் ஊறியிருக்கும் என்று நினைத்து கைலேஞ்சியால் துடைத்தாள். போகவில்லை. நகத்தால் கீறினாள். நகக்கண்ணில் தோல் மாதிரி ஏதோ ஒட்டியது.

அவள் கல்லைச் சன்னலருகே கொண்டுபோனாள். அது கறையல்ல. தாளின் கனம்கூட இல்லாமல், கல்லின் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறிப் படர்ந்திருந்த ஒரு படலம். மஞ்சள் பஞ்சு அதன் முதுகில் ஏறி வளர்ந்திருந்தது.

கொஞ்சம் சுரண்டி அமிலத்தில் போட்டாள். கழுவி, சொட்டெடுத்து, கண்ணாடிச் சில்லில் விட்டு, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தாள். வில்கள். முனை பிளந்த வில்கள், கணக்கில்லாமல், ஒன்றின்மேல் ஒன்றாக. அவற்றோடு அவள் இதுவரை பார்த்திராத வேறு ஒரு பெரிய முள், முழுக்கக் கருக்கு மட்டை மாதிரி முள்முள்ளாக இருந்தது. கோணிஊசி ஒன்றுகூட இல்லை.

அவள் விளக்கை அணைத்துவிட்டு வெளியே போய்ப் பானையிலிருந்து தண்ணீர் குடித்தாள். அட்டெண்டர் மாடக்கண்ணு சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன டீச்சர், முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. வெயிலு."

உள்ளே வந்து மறுபடி பார்த்தாள். இந்தப் படலமும் வில்களை வெளியிலிருந்து எடுத்திருந்தால்? ஒரு தடவை சூடுபட்டவளுக்கு அந்தக் கேள்விதான் முதலில் வந்தது. கேள்விக்குப் பதில் சில்லிலேயே கிடந்தது. வில்கள் எல்லாம் ஒரே பருமனாக இல்லை. மயிரிழை மாதிரி, முனை இன்னும் பிளக்காதவை சில. பாதி பிளந்தவை சில. முற்றித் தடித்தவை சில. மணலிலிருந்து பொறுக்கியவற்றில் பிஞ்சும் காயும் பழமும் ஒன்றாகக் கிடக்காது. இவை இங்கேயே முளைத்து வளர்ந்தவை. மஞ்சள் பஞ்சின் அடிப்பக்கத்தில் மட்டும் வில்கள் ஏன் மிகுதி என்பதும் விளங்கியது. படலத்தின்மேல் ஏறி வளரும்போது அது கீழேயிருந்தவற்றையும் தன்னோடு இழுத்துக்கொண்டிருக்கிறது.

இந்தத் தடவை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நல்லவேளையாகச் சங்குப் பருவம் இன்னும் முடிந்திருக்கவில்லை. பாஸ்கலைத் தேடிப் போனாள்.

"அண்ணே, இனிப் பஞ்சு வேண்டாம். பஞ்சுக்கு அடியில இருக்க கல்லு வேணும்."

பாஸ்கல் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பஞ்சு கேட்ட, தந்தேன். இப்பம் கல்லா? அடுத்தாப்ல கடத்தண்ணியக் கேப்பியா?"

"கேப்பேன். அதுக்கு முன்ன, உயிரோட இருக்கும்போது அது என்ன நிறம்னு நான் பாக்கணும். கரைக்கு வாரதுக்குள்ள நிறம் மாறிடும். நான் வள்ளத்துல வாரேன்."

வள்ளத்தில் பெண்பிள்ளை ஏறுவது வழக்கமில்லை. மற்ற ஆட்கள் முணுமுணுத்தார்கள், சங்கு கிடைக்காது என்றான் ஒருவன். "தண்டல் மகதான, கடல் அவள ஒண்ணும் சொல்லாது. சங்கு கிடைக்கலன்னா நான் பாத்துக்கிடுதேன்," என்று பாஸ்கல் முடித்துவைத்தார்.

தண்டல் மகளுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. அப்பா தோணியோட்டிய கடலில் அவள் அதுவரை கால் நனைத்ததோடு சரி. கரைக்காற்றில் பாய் விரித்து வள்ளம் போன கொஞ்ச நேரத்திலேயே குடித்த காப்பி வெளியே வந்தது. பிறகு வெறும் பித்தம் வந்தது. சங்கு கிடைக்காது என்று சொன்னவன் இரக்கப்பட்டு அவளுக்கு எலுமிச்சம்பழம் ஒன்றைக் கீறிக் கொடுத்தான். கரையில் பனை ஒரு கோடாகத் தெரிகிற இடத்தில் நங்கூரம் போட்டார்கள். ஆட்கள் முகத்துக்குக் கண்ணாடியும் காலுக்குத் தகரத்தட்டும் மாட்டி, இடுப்பில் வலைப்பையோடு இறங்கினார்கள். எட்டுப் பாக ஆழம், எட்டு ஆள் உயரம். தலை மறைந்து, குமிழிகள் வந்து, அதுவும் நின்ற பிறகு வள்ளத்தில் அவளும் பாயைப் பார்த்துக்கொள்கிறவரும் மட்டும் இருந்தார்கள். ஒருவர் மேலே வருவதற்குள் அவளுக்கே மூச்சு முட்டியது.

பாஸ்கல் மேலே வந்தார். சங்கு இரண்டை வள்ளத்துக்குள் போட்டார். அடுத்த தடவை இறங்கிக் கல் ஒன்றைக் கொண்டுவந்து அவள் கையில் தூக்கிக் கொடுத்தார். மஞ்சள் பஞ்சின் பாதி பிய்ந்துபோயிருந்தது. அதன் அடியில், ஈரத்தோடு, படலம் செங்கல் நிறத்தில் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து கறுத்து, ஊதாவாகிக்கொண்டு வந்தது. வாந்தி எடுத்த வாயைத் துடைத்துவிட்டு, உயிருள்ளபோது செங்கல் நிறம், காற்றுப் பட்டால் ஊதா என்று குறித்துக்கொண்டாள்.

"இதானா?" என்று கேட்டார் பாஸ்கல், வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு.

"இதுதான் அண்ணே."

"இத நான் எத்தனையோ தடவ பாத்திருக்கேன். கல்லு அழுக்குன்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

அன்று பாஸ்கல் இன்னும் சில கற்கள் கொண்டுவந்தார். சிலவற்றில் படலம் மஞ்சள் பஞ்சுக்கு அடியில் இருந்தது, சிலவற்றில் சிப்பிக்கு அடியில், ஒன்றில் மேலே எதுவுமில்லாமல் இருட்டுப் பக்கத்தில் தனியாக. ஆய்வுக்கூடத்தில் பார்த்தபோது எல்லாவற்றிலும் வில் இருந்தது. சங்கும் அன்று குறைவில்லாமல் கிடைத்தது.

மழைக்காலம் முழுக்க அவள் எழுதினாள். அமிலம் மறுபடி சேலையில் விழுந்தது. எழுதி முடிந்த பிறகு பெயர் மட்டும் பாக்கி. மறுபடி ஆத்தூர் போனாள். இந்தத் தடவை சார் வீட்டில்தான் இருந்தார். படங்களைத் தன்முன் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தார். இளம் வில்களிலிருந்து முற்றிய வில்வரை வரிசையாக வரைந்திருந்த பக்கத்தில் அவர் விரல் நின்றது.

"இது நல்லாருக்கு."

"சார், இதுக்கு உங்க பேரை..."

"வேண்டாம்மா." இது போன தடவை சொன்ன வேண்டாம் அல்ல. "ஒரு தடவ வச்சு எடுத்த பேரு. திரும்ப வச்சா, எனக்காகப் புதுசு தேடுன மாதிரி இருக்கும். அதுக்கு அதோட குணத்த வச்சே பேரு வையி."

அவள் வற்புறுத்தவில்லை. சாரின் மனைவி காப்பி கொண்டுவந்தார். சார் படத்தில் அளவுகோல் போடாமல் விட்டிருந்த ஓர் இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டுக் கொடுத்தார். பஸ் நிறுத்தம்வரை கூட வந்தார். வழியில் எதிர்ப்பட்ட ஒருவர், "அண்ணாச்சி, ஒங்க பேரு வச்ச மீனு எப்படி இருக்கு?" என்று கேட்டார். சார், "நல்லா இருக்கு," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

பெயர் லத்தீனில் இருக்க வேண்டும். அவளுக்கு லத்தீன் தெரியாது. தெரிந்த ஆள் ஊரில் ஒருவர்தான், பங்குச் சாமியார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து சாமியார் அங்கியைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது போய் நின்றாள்.

"சாமி, அடியில மறைஞ்சு கிடக்குததை லத்தீன்ல எப்படிச் சொல்லணும்?"

சாமியாருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் மலர்ந்துவிட்டது. பூசையெல்லாம் தமிழுக்கு மாறிய பிறகு அவரிடம் யாரும் லத்தீன் கேட்டதில்லை.

"அதுவா ஒளிஞ்சிருக்கா, இல்ல யாராவது ஒளிச்சு வச்சாங்களா? ரெண்டுக்கும் வேற வேற வார்த்தை."

"ரெண்டும் இல்ல சாமி. அது பாட்டுக்கு இருக்கு. அது மேல வேற ஒண்ணு வளந்து மூடிட்டு."

"மூடப்பட்டது." சாமியார் யோசித்தார். "தெக்துஸ். இல்ல, இரு. முதல் பேரு ஆம்பளைப் பேரா, பொம்பளைப் பேரா?"

"பஞ்சுல ஆம்பளை பொம்பளை எல்லாம்..."

"பஞ்சக் கேக்கல. பேரக் கேக்கேன். லத்தீன்ல பேருக்கு அது உண்டு."

பேரினத்தின் பெயரைச் சொன்னாள். சாமியார் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

"பொம்பளைப் பேரு. அப்போ தெக்தா."

தெக்தா என்றே எழுதினாள். பெயருக்குப் பொருள் என்னவென்று சொல்லும் இடத்தில், மூடப்பட்டது, பிற பஞ்சுகளுக்கு அடியில் வாழ்வதால் என்று ஒரு வரி. முதலில் அயல் முட்களைப் பற்றிய ஐயத்தை எழுப்பியவர் என்று தாணுலிங்கம் சாருக்கு நன்றி. கற்களைக் கொண்டுவந்தவர் என்று பாஸ்கலுக்கு நன்றி. மூல மாதிரியைக் கல்கத்தா அருங்காட்சியகத்துக்கு அனுப்பினாள். 1976-இல் கட்டுரை அச்சானது. பேப்பரில் எதுவும் வரவில்லை. கல்லூரியில் புதிய துறைத்தலைவர் நல்லது என்றார். பாஸ்கலிடம் அச்சுப் பிரதியைக் காட்டி அவர் பெயர் இருந்த இடத்தைத் தொட்டுக் காண்பித்தாள். அவர் வெகுநேரம் அந்த எழுத்துகளைப் பார்த்துவிட்டு, "வள்ளத்துல வாந்தி எடுத்தத போடலையே?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அவள் வேறு பஞ்சுகளுக்குப் போய்விட்டாள். முத்துச்சிப்பியின் ஓட்டைத் துளைத்து நாசம் செய்கிற பஞ்சு ஒன்று உண்டு. முத்து வளர்ப்பு தொடங்கிய பிறகு அதைப் பற்றி எல்லாரும் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். விரிவுரையாளர் பதவி கிடைத்தது. அம்மாவுக்குக் கண்ணில் புரை விழுந்து, அறுவைக்குப் பிறகு தடித்த கண்ணாடி போட்டாள்.

1978-இல் வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து கேட்டிருந்தார்கள். அவர்களிடம் அந்தமான் பக்கத்தில் எடுத்த ஒரு படலம் இருக்கிறது, தெக்தாவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், ஒரு சில்லு அனுப்ப முடியுமா என்று. அமலோற்பவம் புதிதாக ஒரு சில்லு தயாரித்து, தீப்பெட்டி அளவு மரப்பெட்டியில் பருத்திப்பஞ்சு வைத்து மூடி, தபாலாபீசுக்குக் கொண்டுபோனாள். கவுண்டரில் இசக்கியப்பன் உட்கார்ந்திருந்தார். பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"உள்ள என்ன டீச்சர்?"

"கடல்ல கல்லுல ஒட்டியிருக்கிற ஒரு உயிரினம். அதோட முள்ளு மட்டும்."

"மீன் முள்ளா?"

"இல்ல. கண்ணுக்குத் தெரியாத முள்ளு."

"கண்ணுக்குத் தெரியாததுக்கு நான் என்னன்னு எழுத?"

"கண்ணாடின்னு எழுதுங்க. அதுவும் உண்மைதான்."

இசக்கியப்பன் கண்ணாடி என்று எழுதி, உடையும் என்று சிவப்பு மையில் அடிக்கோடிட்டு, எடை போட்டுத் தபால்தலைகளைக் கிழித்துக் கொடுத்தார். அவள் அவற்றை நனைத்து ஒட்டினாள். மணியைப் பார்த்தாள். இரண்டாவது பீரியடில் தவளை வகுப்பு இருந்தது. குடையை விரித்துக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தாள்.